விண்மீன் தூசிக்கு ‘இருக்கலாம்’ போட்டவளுக்கு

இன்று காலை வாலிகண்டபுரம் கோயிலில் குருக்கள் கற்பூரம் காட்டியபோது எனக்குப் பக்தி வரவில்லை, கோபம் வந்தது. தட்டு என் பக்கம் வந்தது. எல்லோரையும் போல நானும் கையை நீட்டினேன். அதற்குள் கண் சுடரின் நுனிக்குப் போய்விட்டது. மஞ்சள் முடிந்து, மெல்லிய கருப்பு இழையாகப் புகை கிளம்பும் அந்த இடத்துக்கு. “அங்க பாரு, அந்த எடத்துலதான் சேருது” என்று நீ சொன்னது காதுக்குள் கேட்டது. பின்னால் நின்றவர், “எடுத்துக்கிட்டு நகருங்கம்மா” என்றார். நகர்ந்துவிட்டேன். சாமியைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

கற்பூரத்தைக்கூட விட்டுவைக்கவில்லையே நீ என்று பிரகாரம் சுற்றி முடிக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்னமும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அழுகை அதற்குப் பின்னால் எங்கோ வரிசையில் நிற்கிறது, அதன் முறை வருவதற்குள் எனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. இந்த எரிச்சலை யாரிடம் சொல்வது? உன் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் கண் கலங்கிவிடுகிறார். கல்லூரியில் சொன்னால் “போனவங்களைப் பத்தி இப்படிப் பேசலாமா மேடம்” என்கிறார்கள். அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒழுகிய கூரையால் வந்த வினை. இயற்பியல் துறை அறையில் மழைத்தண்ணீர் இறங்கியது என்று உங்களையெல்லாம் தமிழ்த்துறை அறைக்கு மாற்றினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். என் மேசைக்கு எதிர்மேசை உனக்கு. நீ அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பையை மேசைமேல் போட்டு, தண்ணீர் குடிப்பதற்கு முன்பே எதையாவது மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவாய். “இன்னிக்கு என்ன வெயில்” என்று நான் சொன்னால், “நேத்தைவிடக் கம்மிதான்” என்பாய். அப்படித்தான் நம் நட்பு தொடங்கியது.

திருச்சியில் ஒரு பதிப்பாளர் உன்னிடம் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்காக வானம் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் கேட்டிருந்தார். நீ என் மேசைக்கு வந்து நின்றாய். “எனக்குச் சொல்ல வரும், எழுத வராது. நீ எழுதிக் குடு, புலவரே.” புலவரே என்று நீ என்னைக் கூப்பிட்டதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

சூரியன், நிலா, கோள்கள் வரைக்கும் சாதாரணச் சண்டைகளோடு போயிற்று. பிறகு அந்தத் தூசி அத்தியாயம் வந்தது. உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்ட பொருளே அதுதான் என்பதால், வேறு எங்கும் காட்டாத பிடிவாதத்தை அங்கே காட்டினாய்.

மேசைமேல் இரண்டு டம்ளரை வைத்து நீ சொன்னது இன்னமும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. நம் சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றில் ஒன்று முதிர்ந்துபோய், தன் வெளி உறையை உதறிவிட்டு, உள்ளே சமைத்து வைத்திருந்த கரியை, அதாவது கார்பனை, வாயுவாக வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. மற்றதும் சும்மா இல்லை, அதுவும் வீசுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு வீச்சும் நடுவில் மோதுகின்றன. மோதிய இடத்தில் வாயு நெருக்குப்பட்டு அடர்த்தியாகிறது. அங்கிருந்து விலகி ஓட ஓடக் குளிர்கிறது. குளிரும்போது கரியணுக்கள் கூடித் தூசியாகின்றன. சில இணைகளில் சுற்றுப்பாதை நன்றாக நீண்ட வட்டம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டும் மிக அருகே வரும் சில மாதங்களில் மட்டும் தூசி உண்டாகும். விலகிப் போனதும் நின்றுவிடும். உண்டான தூசி ஓர் ஓடுபோல விரிந்துகொண்டே போகும். அடுத்த முறை நெருங்கும்போது அடுத்த ஓடு. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தை உன் செல்போனில் காட்டினாய். வளையத்துக்குள் வளையமாக, குளத்தில் கல் போட்டதுபோல இருந்தது. “குளத்துல கல் போட்ட மாதிரின்னு மட்டும் எழுதிடாத, அது அலை, இது பொருள்” என்றாய், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அன்று மாலையே நான் எழுதிக்கொண்டு வந்தேன். ‘இரண்டு விண்மீன்களின் மூச்சு மோதுமிடத்தில் புழுதி பிறக்கிறது.’ இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. நீ சிவப்புப் பேனாவை எடுத்தாய்.

“மூச்சா? நட்சத்திரத்துக்கு நுரையீரல் இருக்கா?”

“அது ஒரு அழகுக்குச் சொன்னதுடி.”

“புழுதி மண்ணுலேர்ந்து எழும்பறது. அங்க மண்ணே கெடையாது. பிறக்குதுன்னு சொன்னா யாரோ பெத்த மாதிரி இருக்கு.”

மூச்சு போயிற்று, புழுதி போயிற்று, பிறப்பு போயிற்று. ‘இரண்டு விண்மீன்களின்’, ‘மோதுமிடத்தில்’ என்ற சொற்கள் மட்டும் தாளில் அநாதையாகக் கிடந்தன. மூச்சுக்குப் பதில் ‘காற்று’ என்றேன். பிள்ளைகள் வேப்பமரக் காற்று என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாய். சரி, வேறு சொல் கொடு என்றேன். “இல்ல” என்றாய். இல்லை என்பதில் உனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு ‘விண்மீன் காற்று’ என்றே போட்டு, அது நாம் சுவாசிக்கும் காற்று இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தோம். தூசிக்குக் ‘கரிப்பொடி’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். “பொடி இடிச்சா வர்றது. இங்க யாரு இடிக்கிறா?” என்றாய். தூசி தூசியாகவே நின்றது.

கற்பூரம் வந்தது அதற்கடுத்துதான். வாயுவிலிருந்து தூசி எப்படி வரும் என்று எனக்கு விளங்கவேயில்லை. நீ கடைக்குப் போய்க் கற்பூரக் கட்டி வாங்கி வந்து, ஆய்வகத்தில் ஏற்றி, எவர்சில்வர் தட்டை மேலே பிடித்தாய். தட்டில் மை படிந்தது. “வெளிய வர்றப்ப அது ஆவி. தட்டுல படிஞ்சது கரி. நடுவுல அந்தச் சுடருக்குள்ளயே சின்னச் சின்ன மணியா சேர்ந்துடுச்சு. அங்க பாரு.” நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அறிவியல் செய்தி எனக்குள் இறங்கிய நேரம் அது. ஓடிப்போய் ஒரு பத்தி எழுதினேன். கோயில், ஆரத்தி, கருத்த தட்டு என்று எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் நீ அந்தப் பத்தி முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டாய்.

“நீதானடி காட்டுன!”

“ஒனக்குப் புரியறதுக்குக் காட்டுனேன். எழுதறதுக்கு இல்ல. இங்க ஆக்சிஜனோட சேர்ந்து எரியுது, அங்க எதுவும் எரியல. படிக்கிற புள்ள நட்சத்திரத்துக்கு நடுவுல தீ எரியுதுன்னு நெனைச்சுக்கும்.”

நான் பேனாவை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்து எனக்கும் சேர்த்து டீ சொன்னாய். மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன். “ரெண்டாம் பத்தியில ‘உறுதியாக’ன்னு ஒரு சொல் போட்டிருக்க” என்றாய்.

எனக்கு மிகவும் வலித்தது கடைசிப் பத்திதான். நம் உடம்பில் இருக்கும் கரியும் இப்படிப்பட்ட விண்மீன்கள் தூவிய தூசிதான், நாம் அனைவரும் விண்மீன் தூசி என்று அத்தியாயத்தை முடித்திருந்தேன். நீ அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். அழகில் மயங்கிவிட்டாய் என்றுகூட நினைத்தேன். பிறகு ‘தூசிதான்’ என்பதில் இருந்த ‘தான்’ஐ அடித்தாய். கரி எத்தனையோ வகை விண்மீன்களிலிருந்து வருகிறது, நம் கையில் இருப்பது இந்த வகையிலிருந்து வந்தது என்று யார் பார்த்தார்கள் என்று கேட்டாய். ‘ஒரு பங்கு இவற்றிலிருந்தும் வந்திருக்கலாம்’ என்று மேலே எழுதினாய். அதோடு விடவில்லை. அந்தக் கொடும் வெப்பத்தில் முதல் கரியணுக்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, எரித்தழிக்கும் அந்த ஒளியில் எப்படித் தப்பிக்கின்றன என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை என்று ஒரு வரியைக் கீழே சேர்த்து, அதுதான் கடைசி வரி என்றாய்.

“இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம்! புத்தகம் பூரா இருக்கலாம்! படிக்கிறவன் என்னத்தைத்தான் எடுத்துக்கிட்டுப் போவான்?” என்று நான் கத்தியதில் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாய். அதுவும் என் ஒற்றுப்பிழை.

படித்துக்காட்டிப் பார்த்துவிடலாம், கேட்பவர்கள் சொல்லட்டும் என்று நான்தான் சவால் விட்டேன். உனக்குத் தெரிந்தவர்கள் மூலம் அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரத்து ஊர் ஒன்றின் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்பாடாயிற்று. பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகமாக வந்திருந்தார்கள். நான் படித்தேன். தூசி என்ற சொல் வந்த உடனே முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்து நின்றார்.

“ஏங்க டீச்சரு, தூசியப் பத்திச் சொல்லவா எங்க ஊருக்கு வந்தீங்க? வெளிய வந்து எங்க முருங்க மரத்தப் பாருங்க. எல எங்க, பூ எங்கன்னு தெரியாது. வூட்டுக்குள்ள சோத்துத் தட்டுல படியுது. அதுக்கு ஒரு பதில் சொல்லிப்புட்டு அப்புறம் ஆகாசத்துக்குப் போங்க.”

கூட்டம் கைதட்டியது. தாளை மடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். நீ நேராக வெளியே போய்விட்டாய். திரும்பி வந்தபோது உன் கையில் ஒரு முருங்கைக் கொத்து. வெள்ளையாக இருந்தது.

“இது ஒடைஞ்சு வந்த தூசிங்க. கல்ல ஒடைச்சு, லாரி மேல ஏறி நசுக்கி வந்தது. நான் சொல்றது சேர்ந்து வந்த தூசி. அங்க ஒடைக்கறதுக்குக் கல்லே கெடையாது, வெறும் ஆவி.”

“அம்புட்டுச் சூட்டுல ஆவி எப்புடிங்க தூசி ஆவும்?”

“அது முழுசாத் தெரியலைங்க.”

“ஒங்களுக்கா?”

“யாருக்குமே இன்னும் முழுசாத் தெரியலைங்க.”

இத்தோடு மானம் போயிற்று என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு, “சரி, தெரிஞ்ச மட்டுக்கும் சொல்லுங்க” என்றார். அப்புறம் பஸ் வரும்வரை கேள்விகள். அதைக் கையால் பிடிக்க முடியுமா, அது நம் பூமிக்கு வருமா, மூச்சு முட்டாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீ தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பஸ்ஸில் நீ ஜெயித்தவள்போல உட்கார்ந்திருந்தாய். “பாத்தியா, தெரியலைன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் அந்தம்மா ஒக்காந்தாங்க.” எனக்குத் தோற்ற எரிச்சல். “வானத்துத் தூசிய விடு, அவங்க சோத்துத் தட்டுத் தூசிக்கு என்ன பண்ணப் போற?” என்று கேட்டேன். சும்மா குத்துவதற்காகக் கேட்டது அது. நீ அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த அம்மாக்களோடு மனுக் கொடுக்கப் போய்விட்டாய், லாரிகள் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்று. உன் வகுப்புகளையெல்லாம் நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இயற்பியல் மாணவர்களை வைத்துக்கொண்டு தமிழ்ப் பேராசிரியை என்ன செய்வாள்? கடிதம் எழுதச் சொன்னேன். தார்ப்பாய் கொஞ்ச நாள் கட்டினார்கள், அப்புறம் பழையபடிதான். நீ மறுபடி போனாய்.

அதற்குப் பிறகுதான் உனக்கு வயிற்றில் வலி என்று ஆரம்பித்தது. ‘ஒத்துக்கல’ என்றாய், ‘அலைச்சல்’ என்றாய். அறிவியல் படித்தவள், ஆதாரம் கேட்பவள், உன் வயிற்றைப் பற்றி மட்டும் ஒரு ஆதாரமும் இல்லாமல் முடிவு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினாய். இதற்காக உன்னை நான் இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் திருமானூரில் கரும்பு வெட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, பிடிவாதமாக உன்னைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனபோது நோய் வெகுதூரம் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மத்தியான நேரங்களில் வருவேன். பெரம்பலூரில் பஸ் ஏறும்போது இன்று சண்டை போடக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். நீ இளைத்துப் போயிருந்தாய். ஆனால் மடியில் அச்சுப்படி, கையில் அந்தப் பாழாய்ப்போன சிவப்புப் பேனா. டாக்டர் வந்து “பாத்துக்கலாம்மா, தைரியமா இருங்க” என்றால், “தைரியம் இருக்குங்க சார். எத்தனை பேருக்குச் சரியாகுது, அதைச் சொல்லுங்க” என்று அவரை நிற்க வைத்துக் கேட்பாய். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து உன் கையைப் பிடித்தேன்.

“சரியாயிடும்னு சொல்லுடி.”

“தெரியாததை எப்புடிச் சொல்றது?”

“பொய்யாவது சொல்லு. எனக்காகச் சொல்லு.”

நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். உண்மையிலேயே யோசித்தாய், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. “சரியாகலாம்னு வேணா சொல்றேன். அது பொய் இல்ல” என்றாய்.

கையை உதறிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுதேனா கோபத்தில் அழுதேனா என்று கேட்காதே. திரும்பி உள்ளே வந்தபோது நீ தூசி அத்தியாயத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாய். அச்சுக்கோத்தவர் ‘விண்மீன் காற்று’ என்பதை ‘விண்மீன் கீற்று’ என்று போட்டிருந்தார். “இதுவும் நல்லாத்தான் இருக்குல்ல?” என்றாய். இருவரும் சிரித்தோம். உன் வயிறு வலிக்கும் என்று நான் முதலில் நிறுத்தினேன். நீ நிறுத்தவில்லை.

உன்னை அரியலூருக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். உயிர் போவதற்கு முதல்நாள் நீ எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பினாய். அதில் பாதி மூச்சிரைப்பு. “மூணாவது பத்தியில ‘ஆகவே’ன்னு ஆரம்பிக்குதுல்ல… அந்த ஆகவே தப்பு. முன்னாடி வாக்கியத்துலேர்ந்து அது வரல. எடுத்துடு.” அவ்வளவுதான். போயிட்டு வரேன் என்று இல்லை, நல்லா இரு என்று இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ எனக்கு ஒரு ‘ஆகவே’யைச் சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பத்தியை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். அது இன்னும் எரிச்சல்.

காரியம் முடிந்து சில வாரங்களில் பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

“மேடம், எல்லாம் பிரமாதம். அந்தத் தூசி அத்தியாயம் கடைசியில ‘தெரியவில்லை’ன்னு முடியுதுங்க. புள்ளைங்க படிக்கிற புத்தகம். நம்பிக்கையா முடிச்சா நல்லா இருக்கும். மொதல்ல நீங்க எழுதுன முடிவு இருக்குல்ல, நாம் அனைவரும் விண்மீன் தூசின்னு, அதையே போட்டுடலாங்களா?”

என் வாக்கியம். நான் ஆசை ஆசையாக எழுதி, நீ அடித்துப்போட்ட வாக்கியம். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அச்சில் வந்துவிடும். ஆமாம், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. “அவங்க சேர்த்த வரி அதுங்க. எடுக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

“புரியுதுங்க மேடம். ஆனா அவங்கதான் இப்ப இல்லையே. இனிமே யாரு கேக்கப் போறாங்க?”

“நான் கேக்குறேன்” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “எப்படி ஒட்டிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா? எனக்கும் தெரியாது. அவங்க அத்தனை வருஷம் அதையே பாத்துட்டு, தெரியலைன்னு எழுதி வச்சிருக்காங்க. தெரியாத நாம ரெண்டு பேரும் சேர்ந்து தெரியும்னு போடறதா? அந்த வரி போனா புத்தகமே வேணாங்க. திருப்பி அனுப்பிடுங்க.”

அவர் பல நாள் பேசவில்லை. உன் வீட்டுக்காரர் வேறு, “எதுக்கும்மா வம்பு, ஒரு வரிதானே, புத்தகம் வந்தாப் போதும். அவ பேரு அதுல இருக்கும்” என்று கேட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். “அண்ணே, பேரு மட்டும் இருந்து அவ சொன்னது இல்லாமப் போனா, அது வேற யாரோட புத்தகமோ.” “நீங்களும் அவள மாதிரியே ஆயிட்டீங்க” என்றார். பாராட்டா, புகாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் பதிப்பாளர் இறங்கி வந்தார். புத்தகம் வந்தது. வரி இருந்தது. ‘இருக்கலாம்’ எல்லாம் இருந்தது, ‘ஆகவே’ இல்லை. ஆனந்தமாகப் பின்னட்டையைத் திருப்பினால், நீ கேட்டால் எழுந்தே வந்துவிடுவாய், கொட்டை எழுத்தில் ‘நாம் அனைவரும் விண்மீன் தூசிதான்!’ என்று போட்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்காமல், என்னைக் கேட்காமல், ‘தான்’ வேறு, ஆச்சரியக்குறி வேறு. போனில் கேட்டால், “விக்கணுமில்லைங்களா மேடம்” என்கிறார். அரியலூரில் வெளியீட்டு விழா நடந்தபோது எல்லோரும் பின்னட்டையைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு “என்ன அருமையான வரி” என்றார்கள். நான் எழுதியதுதான். நன்றி சொல்லவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் பின்னட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. “அவ இருந்திருந்தா இந்நேரம் ஒவ்வொரு புத்தகமா ஒக்காந்து அடிச்சுக்கிட்டு இருப்பா” என்றார்.

இந்தத் தொல்லை அத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நீ என் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டாய். முன்பெல்லாம் வகுப்பில் உவமை சொன்னால் நானும் சொக்கிப் போவேன், பிள்ளைகளும் சொக்கிப் போவார்கள். இப்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன்.

போன மாதம் கல்லூரி மலருக்கு ஒரு மாணவி கவிதை கொண்டுவந்தாள். வேப்பந்தட்டையிலிருந்து வருகிற பெண், நன்றாக எழுதுவாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற அந்தி நேரத்தில் உச்சியில் முழுநிலா நிற்கிறது என்று எழுதியிருந்தாள். எதுகை அத்தனை அழகாக விழுந்திருந்தது. ‘உச்சியில்’ என்பதற்கு அடுத்த அடியில் ‘பச்சையில்’. பழைய நாளாக இருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பேன். இப்போது அந்த வரியில் கண் நின்றுவிட்டது. நீ நிலா அத்தியாயத்தில் படம் போட்டு என் மண்டையில் ஏற்றியதுதான் காரணம்.

“அந்தியில முழுநிலா உச்சியில இருக்காதும்மா” என்றேன்.

“கவிதைதானே மேடம்?”

“பௌர்ணமி என்னைக்குன்னு காலண்டர்ல பாரு. அன்னிக்குச் சூரியன் எறங்கறப்ப வெளிய நின்னு பாத்துட்டு வந்து எழுது.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஒரு பிள்ளையின் ஆசையை இப்படியா அடிப்பது? நான்கு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பௌர்ணமி முடிந்த மறுநாள், மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள்.

“மேடம், நீங்க சொன்னது சரிதான். மக்காச்சோளக் காட்டுக்கு அந்தாண்ட கெளக்கேருந்து வந்துச்சு. ஆனா செவப்பா இருந்துச்சு மேடம். இம்மாம் பெருசா. அது ஏன்?”

சிவப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய். அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி நெடுந்தூரம் காற்றையும் தூசியையும் கடந்து வர வேண்டியிருக்கிறது, வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது என்று சொன்னேன். பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம், அது ஏன் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் ஏமாந்துபோவாள் என்று பார்த்தேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதையே யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து திருத்திய கவிதையை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

‘உச்சியில்’ என்பதை எடுத்துவிட்டுக் ‘கிழக்கே’ என்று போட்டிருந்தாள். ‘பச்சையில்’ துணையில்லாமல் அடுத்த அடியில் நொண்டியது. எதுகை போய்விட்டது. இத்தனை ஆண்டுகள் எதுகை மோனை சொல்லிக்கொடுத்தவள் நான். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்து, அந்த வரியின் மேல் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நிலா அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.